ஆறு வீட்டுக்கு ஒரு கூரை

“பாஸ் தம்பி, மழ வந்திருச்சு.”

“இங்கயும் பெய்யுதுக்கா.”

“வெளிய பெய்யறத சொல்ல நான் போன் எடுக்கல. இங்க வீட்டுக்குள்ள பெய்யுது.”

போனில் கூப்பிட்டவர் பாக்கியம் அக்கா. கொழுந்து எடுப்பவர். லிந்துலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஆறு வீடுகள் கொண்ட லயத்தின் ஐந்தாவது வீட்டில் இருக்கிறார். நான் கூரை வேலையும் வீடு திருத்தும் வேலையும் செய்பவன். மேசன், தச்சன், கூரைக்காரன் எல்லோரையும் எங்கள் பக்கத்தில் ‘பாஸ்’ என்றே கூப்பிடுவார்கள்.

மழையின் முதல் நாளில் இப்படிப்பட்ட போன்கள் வருவது எனக்குப் பழக்கம். ஹட்டன், லிந்துலை பக்கத்தில் பெருமழை மே மாதக் கடைசியில் தொடங்கும். வலப்பனை, கந்தப்பளை பக்கத்தில் வருடக் கடைசியில். ஏப்ரலுக்குள் இந்தப் பக்கத்துக் கூரைகள், அக்டோபருக்குள் அந்தப் பக்கத்துக் கூரைகள் என்பது என் திட்டம். வாடிக்கையாளர்களின் திட்டம் வேறு. தைப்பொங்கலுக்குச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள். சித்திரைக்குக் கதவுக்கு வார்னிஷ் பூசுவார்கள். கூரையில் ஏறச் சொல்வது மழை வந்த மறுநாள். பெயின்ட் விருந்தாளியின் கண்ணில் படும், கூரையின் ஸ்க்ரூ படாது. அந்த ஸ்க்ரூவில் பிழை இருந்தால் அடுத்த பொங்கலுக்கு அதே சுவருக்கு மறுபடியும் பெயின்ட் வாங்க வேண்டும் என்பதை நான் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன்.

ஆனால் பாக்கியம் அக்காவின் போன் வழக்கமானது அல்ல. அடுத்து அவர் சொன்னது இது:

“நீங்க பக்கத்து வீட்டுக்காரிக்கு அரண்மன கட்டிக் குடுத்தீங்க. அந்த அரண்மன தண்ணி இப்ப என் கட்டில்ல ஊத்துது.”

முகப்பு

அரண்மனை என்று அவர் சொன்னது நான்காவது வீடு. செல்வராணியுடையது. செல்வராணி குவைத்தில் சில வருடங்கள் வீட்டு வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். கணவர் யோகநாதன் த்ரீவீலர் ஓட்டுகிறார். தோட்ட ஆபீஸில் அனுமதி வாங்கிக்கொண்டு, அந்த மார்ச்சில் என்னைக் கூப்பிட்டார்கள். தங்கள் வீட்டின் கூரையை மட்டும் உயர்த்த வேண்டும், சீலிங் அடிக்க வேண்டும், முன்சுவருக்கு டைல்ஸ் ஒட்ட வேண்டும்.

லயம் என்பது ஒரே கூரை. ஆறு குடும்பங்கள் அதன் கீழே தனித்தனியாகச் சமைக்கும், தனித்தனியாகச் சண்டை பிடிக்கும். தண்ணீருக்கு மட்டும் அந்தப் பிரிவினை தெரியாது. பழைய தகரத்தைக் காற்று தூக்காமல் இருக்க மேலே கல்லும் மணல் மூட்டையும் பழைய டயரும் வைத்திருப்பார்கள். நடுவில் ஒரு வீட்டை உயர்த்தினால் இரண்டு பக்கமும் புதுச்சுவர் நிற்கும். அந்தச் சுவரும் பக்கத்து வீட்டுப் பழைய தகரமும் சேருகிற இடத்தில் தண்ணீர் இறங்காமல் தகட்டை மடித்து மூட வேண்டும். அதற்கு பிளாஷிங் என்று பெயர். கவனமாகவே செய்தேன்.

தகராறு பீலியில் வந்தது. கூரைத் தண்ணீரைப் பிடித்துக் கொண்டுபோகும் பீலியிலிருந்து ஒரு பைப் கீழே இறங்கி, லயத்துக்கு முன்னால் ஓடும் கானில், அதாவது வடிகாலில், சேர வேண்டும்.

“பாஸண்ணே, பைப்ப எங்க எறக்குவீங்க?” என்றார் செல்வராணி.

“கதவுக்குப் பக்கத்துல.”

“டைல்ஸ் மேலயா? மூக்குல ட்யூப் சொருகின நோயாளி மாதிரி இருக்கும்.”

“தண்ணி கீழ எறங்கணுமே தங்கச்சி.”

“எறங்கட்டும். எம்மூஞ்சிக்கு முன்னால வேணாம்.”

யோகநாதனைப் பார்த்தேன். அவர் த்ரீவீலரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “என்னைக் கேக்காதீங்க பாஸ். எனக்கு எடமில்லாட்டி நான் வண்டியிலயே படுத்துக்குவேன்” என்றார்.

முடிவில் பீலியின் வாய் ஐந்தாவது வீட்டுப் பக்கம் திரும்பி, யானைத் தும்பிக்கையைப் போல அந்தரத்தில் நின்றது. “பிறகு பாத்துக்கலாம்” என்றார் செல்வராணி. வீடு திருத்தும் வேலையில் ‘பிறகு’ என்பது மழைக்காலத்தின் இன்னொரு பெயர்.

கட்டில்

போன் வந்த மறுநாள் போனேன். பாக்கியம் அக்காவின் வீட்டில், நான்காவது வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு புதுக்கட்டில் கிடந்தது. மெத்தையின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. அதன் நடுவில் ஓர் அலுமினியச் சட்டி. சட்டியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

அக்காவின் மகன் குமார் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். கல்யாணமும் அங்கேதான் நடந்தது. அடுத்த வாரம் சனிக்கிழமை பெண்டாட்டியை முதல் முறையாக வீட்டுக்கு அழைத்து வருகிறார். கட்டில் அவர்களுக்காக வாங்கியது. அந்த அறையில் அதை வேறு எங்கும் போட முடியாது. மறுபக்கம் அடுப்படி.

“மருமக கொழும்புப் புள்ள. மூக்கு மேல தண்ணி சொட்டுனா ஆசீர்வாதம்னு நெனைக்கவா போறா? மொத நாளே பஸ் ஏறிடுவா. பெறகு எம்மகன் இந்தப் பக்கம் வருவானா?”

அவர் வேடிக்கையாகப் பேசவில்லை. சட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

அந்த வாரம் முழுவதும் காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பாக்கியம் அக்கா இதைத்தான் பேசினார் என்று யோகநாதன் சொன்னார். செல்வராணியின் அரண்மனையும் என் பிளாஷிங்கும் தோட்டம் முழுவதும் தெரிந்த விஷயங்களாகிவிட்டன. இரண்டு பெண்களுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. முன்பெல்லாம் வெங்காயம் கடன் வாங்குவதற்குச் சுவரைத் தட்டுவார்களாம். இப்போது மற்றவர் பேசுவது கேட்காமல் இருக்க டிவியின் சத்தத்தைக் கூட்டினார்கள்.

வாளி

ஒழுகும் கூரையைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். மழை இல்லாத நேரத்தில் மேலே ஏறி, ஒவ்வொரு இடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கீழே ஒருவர் டார்ச் லைட்டோடு நின்று, சொட்டும்போது கத்த வேண்டும். தாழ்வான இடத்தில் தொடங்கி மேலே போக வேண்டும். மேலேயிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை வானம் கொஞ்சம் வெளுத்தது. ஏணி வைத்தேன். லயத்து ஆட்கள் பால் சேர்க்காத பிளேன்டி கோப்பைகளோடு, வாசல் திண்ணைகளான இஸ்தோப்புகளில் வந்து உட்கார்ந்தார்கள். யோகநாதன் வாளியைத் தூக்கினார்.

“அவரு வேணாம்” என்றார் பாக்கியம் அக்கா. “அவங்க வீட்டுக் குத்தத்துக்கு அவரே தண்ணி தூக்குனா கால் வாளிதான் தூக்குவாரு.”

“பாஸண்ணே, அந்த வீட்டுக்காரங்ககிட்ட சொல்லுங்க,” என்றார் அவருக்கு மூன்றடி தூரத்தில் நின்ற செல்வராணி, “வேணும்னா அவங்களே ஏணியில ஏறி ஊத்தட்டும்.”

“தம்பி, ஏணியில ஏற எனக்குத் தெரியும்னு அவங்ககிட்ட சொல்லுங்க. டைல்ஸ் போட்ட வீட்டுக்காரங்களுக்குத்தான் ஏணி மறந்திருக்கும்.”

நான் ஏணியில் ஏறினேன். யோகநாதன் வாளியைத் தளும்பத் தளும்ப நிரப்பி, எல்லோருக்கும் காட்டிவிட்டு மேலே கொடுத்தார்.

பாக்கியம் அக்கா டார்ச்சோடு உள்ளே போக, பிளாஷிங்கின் கீழ்முனையில் ஊற்றினேன்.

“சொட்டுதாக்கா?”

“இன்னும் இல்ல. ஊத்துங்க.”

நடுவில் ஊற்றினேன்.

“இல்ல. நல்லா ஊத்துங்க, தடவிக் குடுக்காதீங்க.”

முகட்டுக்குப் பக்கத்தில், இரண்டு வாளி சேர்த்து ஊற்றினேன். உள்ளேயிருந்து சத்தமில்லை. கீழே செல்வராணி இடுப்பில் கை வைத்தார். ஒரு வாரமாக நனைந்திருந்த என் பெயர் கொஞ்சம் காய்ந்தது. ஆனால் கட்டிலில் தண்ணீர் விழுந்தது உண்மை.

அப்போதுதான் அக்காவின் கூரையின் மறுகோடியைப் பார்த்தேன், ஆறாவது வீட்டுப் பக்கம். அங்கே ஒரு டிவி டிஷ் நின்றது. லயத்துக் கூரைகளில் கல்லுக்கும் டயருக்கும் பிறகு அதிகமாக இருப்பது அதுதான். நடந்து போய் அதன் காலடியில் ஒரு வாளி ஊற்றினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளேயிருந்து, “ஐயோ, கட்டிலு” என்றார் பாக்கியம் அக்கா.

உள்ளே போய் டார்ச் அடித்தேன். அலை அலையான தகரத்தில் மேடும் பள்ளமும் இருக்கும். ஸ்க்ரூவை எப்போதும் மேட்டில் அடிக்க வேண்டும். தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். டிஷ்ஷின் கால்களைப் பள்ளத்தில் துளைபோட்டு முடுக்கியிருந்தார்கள். பள்ளத்தில் தகரம் மரத்தோடு ஒட்டியிருக்கும், முடுக்குவது சுலபம். மேலே பூசிய சிலிக்கன் இத்தனை மாத வெயிலில் வெடித்துவிட்டது. துளை வழியாக இறங்கிய தண்ணீர் உடனே சொட்டவில்லை. லயம் ஒரு பக்கம் தாழ்ந்திருப்பதால், தகரத்தைத் தாங்கும் ரீப்பை மரத்தின் வழியாக அறையின் முழு நீளத்துக்கும் ஓடி, நான்காவது வீட்டுச் சுவரருகில் வந்து விழுந்தது. ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருப்பது அபூர்வம்.

“இந்த டிஷ் எப்ப போட்டதுக்கா?”

“போன தீவாளிக்கு.” கட்டிலில் இருந்த சட்டியை நகர்த்தி வைத்தார். “குமார்தான் போட்டான். அம்மா நாடகம் பாக்கணும்னு.”

தீபாவளிக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் பெரிய மழை இல்லை. முதல் பெருமழை வந்தபோது பக்கத்தில் புதுக்கூரை நின்றது. சந்தேகப்பட அது வசதியாக இருந்தது.

வாசலில் நின்ற செல்வராணிக்கு எல்லாம் கேட்டிருந்தது. “மாப்பிள்ளையே தன் கட்டிலுக்குத் தண்ணி விட்டிருக்காரு” என்றார். இஸ்தோப்புகளில் சிரிப்பு.

“சின்ன ஓட்டதானே” என்றார் பாக்கியம் அக்கா. ஒரு வாரமாக அதே ஓட்டை அரண்மனை அளவு இருந்தது.

“சிரிக்காதீங்க தங்கச்சி, ஒங்களோடது இன்னும் முடியல” என்றேன். செல்வராணியின் கூரையில் ஒரு வாளி ஊற்றினேன். தும்பிக்கை அந்தத் தண்ணீரை அப்படியே ஐந்தாவது வீட்டின் வாசற்படியில் கொட்டியது. மழை நாளில் புதுமருமகள் அந்த அருவியைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். இப்போது இஸ்தோப்புகள் பாக்கியம் அக்காவின் பக்கம் சிரித்தன.

பேரம்

டிஷ்ஷைக் கழற்றி, துளைகளை மூடி, அந்தத் தகட்டையே மாற்ற வேண்டும் என்றேன். மறுபடியும் தகரத்தில் டிஷ் நிற்கக் கூடாது.

“அப்ப நாடகம்?”

“செவுத்துல மாட்டலாம்க்கா. ஆனா ஒங்க செவுரு எல்லாம் கூரைக்குக் கீழ இருக்கு, டிஷ்ஷுக்கு வானம் தெரியாது.”

கூரைக்கு மேலே நிற்கும் சுவர் அந்த லயத்தில் ஒன்றுதான். நான் உயர்த்திய சுவர். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். யோகநாதன்கூட.

செல்வராணி என்னைப் பார்த்துத்தான் பேசினார். “அந்தப் பக்கத்துச் செவுத்துல எனக்கு டைல்ஸ் இல்ல. மாட்டிக்கட்டும். ஆனா எம்பீலித் தண்ணிக்குப் பைப் ஒண்ணு அவங்க தூண் ஓரமா எறங்கணும்.”

பாக்கியம் அக்காவும் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். “எறங்கட்டும். கீழ ஒரு பீப்பா வைக்கணும். துணி தொவைக்கத் தண்ணி எனக்கு. பீப்பா அவங்க செலவு.”

“பழைய பீப்பா ஒண்ணு பின்னால கெடக்குது.”

“ஓட்ட இல்லாததா பாத்துக் குடுக்கச் சொல்லுங்க.”

“அக்கா, ஓட்டையப் பத்தி நீங்க பேசாதீங்க” என்றார் செல்வராணி. இந்த முறை நேராக.

புதன்கிழமைக்குள் வேலை முடிந்தது. ரீப்பையின் அழுகிய துண்டை மாற்றினேன். புதுத்தகட்டின் ஸ்க்ரூக்களை மேட்டில், ரப்பர் வாஷர் போட்டு முடுக்கினேன். பீப்பா நிரம்பி வழிந்தால் தண்ணீர் கானுக்குப் போக ஒரு சின்ன வெட்டு வெட்டினேன். பீலியில் விழும் சவுக்கு இலையை மாதம் ஒரு தடவை அள்ள வேண்டும் என்று இரண்டு வீட்டிலும் சொன்னேன். இரண்டு வீட்டிலும் மற்ற வீடு அள்ளும் என்று நினைத்திருப்பார்கள்.

சனிக்கிழமை

அன்று பின்னேரம் பிடித்த மழை இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தெரியவில்லை. போன் அடித்தது. பாக்கியம் அக்கா. எடுப்பதற்கு முன் ஏணி எங்கே இருக்கிறது என்று யோசித்தேன்.

“சொல்லுங்கக்கா. சொட்டுதா?”

“கட்டில்ல ஒரு பொட்டு ஈரமில்ல தம்பி. மருமக நல்லா தூங்கி எந்திரிச்சுட்டா. இப்ப செல்வராணி வீட்டுல டைல்ஸ் பாக்கப் போயிருக்கா.”

“பெறகு என்னக்கா?”

“இந்த டிஷ்ஷுதான். மழ அடிச்சா படமே வரமாட்டேங்குது. செல்வராணி வீட்டுச் செவுத்துல ஏதோ கோளாறு இருக்கும். ஒருக்கா வந்து பாருங்களேன்.”

அப்படிப் பெய்தால் எந்தச் சுவரிலும் படம் வராது என்று விளக்கினேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. பின்னால் செல்வராணியின் குரல் கேட்டது: “அக்கா, மகன்கிட்ட சொல்லுங்க, அவரு வேணும்னா பள்ளத்துல இன்னொரு ஸ்க்ரூ அடிப்பாரு.”

அதற்குப் பிறகு எந்த லயத்தில் கூரை வேலை ஒப்புக்கொண்டாலும், முதல் நாள் ஏணியைப் பக்கத்து வீட்டில்தான் வைக்கிறேன். அவர்களுடைய ஸ்க்ரூ, டிஷ், கல், டயர் எல்லாவற்றையும் பார்த்து, ஒழுகும் இடங்களை அவர்களுக்கே காட்டிவிட்டு, பிறகுதான் என் வேலையைத் தொடங்குகிறேன். ஒரே கூரையில் நாளை விழப்போகும் சொட்டுக்கு இன்றே சொந்தக்காரரைக் காட்டிவிட்டால், சுவரைத் தட்டி வெங்காயம் கேட்பது நிற்காது.