கத்திகளைப் படம்பிடித்த சூசைமாணிக்கம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை நான் கடை இருட்டறையில் இருந்தேன். மருந்துத் தட்டில் படம் பதிந்த ஒரு கண்ணாடித் தகடு கிடந்தது. மாதா கோயில் உபதேசியார் கதவைத் தட்டி, "தம்பி, ஒங்க மச்சான் போயிட்டாருப்பா" என்றார். நான் உடனே திறக்கவில்லை. இந்த யுத்த காலத்தில் தகடு கிடைப்பது குதிரைக்கொம்பு. அதை வெளிச்சத்தில் கெடுத்திருந்தால் இறந்த மனிதரே எழுந்து வந்து என்னைத் திட்டியிருப்பார். தகட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வெளியே வந்து அழுதேன்.

சேலத்தில் படக்கடை வைத்திருந்த சூசைமாணிக்கம் அவர்கள் என் அக்காளின் கணவர். நான் அவர் கடையில் தகடு திருத்துபவன். அம்மைத் தழும்பை மறைத்து, எண்ணெய் வழியும் நெற்றியின் மினுக்கத்தைச் சுரண்டி எடுத்து, பெண் பார்க்க வருபவர்களுக்குப் பிடிக்கிற முகமாக ஆக்குவது என் வேலை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. ஆனால் நினைத்ததை விடமாட்டார்; உடும்புப்பிடி.

பனமரத்துப்பட்டியிலிருந்து ஒரு விவசாயி படம் எடுத்துக்கொள்ள வந்தார். மடியில் துருத்திக்கொண்டிருந்த மடக்குக் கத்தியை எடுத்து வைக்கச் சொன்னேன். "ஏனுங்க, காதைக் கழட்டி வெச்சுட்டு உக்காரச் சொல்லுவீங்களா?" என்று கேட்டார். மச்சான் சிரித்துவிட்டு, கத்தியை விரித்துக் கையிலேயே பிடிக்கச் சொன்னார். படம் வந்ததும், "ஆளைவிடக் கத்திதான் மச்சான் களையா இருக்குது!" என்றேன். நான் சொன்னது கேலிக்கு. அவருக்கோ அன்றே பைத்தியம் பிடித்துவிட்டது.

ஊர் ஊராகப் போய்க் கத்தி சேர்த்தார். மாட்டுக்கொம்புப் பிடி, மான்கொம்புப் பிடி, சுண்டுவிரல் நீளத்தில் பாக்கு சீவும் கத்தி என்று எதையும் விடவில்லை. விற்றவர்களிடம் வாங்கினார். விற்க மனமில்லாதவர்களிடம் இரவல் வாங்கிப் படம் எடுத்து, ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்தார். கொடுத்தவரையும் ஒரு படம் எடுத்துத் தருவார். அதுதான் அவர் பேரம்.

இப்படி நாலு வருஷம் சேர்ந்த தகடுகளை, அவர் வெளியூர் போயிருந்த ஒரு மழைக்காலத்தில் நான் உட்கார்ந்து திருத்தினேன். அலகின் அடியில் சின்னச் சின்னதாக ஏதோ மினுங்கியது. நெற்றி மினுக்கத்தைச் சுரண்டுகிற பழக்கத்தில் அத்தனையையும் சுரண்டி எடுத்துவிட்டேன். வேலை சுத்தம் என்று பெருமை வேறு! அவர் திரும்பி வந்து அச்சுப் போட்டுப் பார்த்தார். தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"மாப்ளே, பொட்டு எங்க?"

"எந்தப் பொட்டு?"

"பித்தளைப் பொட்டு. ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு கணக்குல வெச்சு அடிப்பாங்க. கொல்லரு கையெழுத்துப் போடமாட்டாரு. அதுதான் அவரு பேரு."

குற்றம் செய்தவனுக்குத்தானே குரல் பெரிதாக வரும்? "அதை முன்னாலயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்று கத்தினேன்.

"சொல்லாதது என் தப்பு. சுரண்டுனது ஒன் தப்பு. ரெண்டு பேரும் நடந்து தீத்துக்கலாம், எந்திரி."

சொந்தக் கத்திகளை வீட்டிலேயே மறுபடி எடுத்துவிட்டோம். இரவல் கத்திகள் இருபத்தாறு. அவற்றுக்காக, பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடும் பஸ்ஸிலும் கால்நடையாகவும் இரண்டு வருஷம் அலைந்தோம். ஒவ்வொரு வாசலிலும் நடந்ததை மறைக்காமல் சொல்லி, மறுபடியும் கேட்டார். ஆட்டையாம்பட்டியில் ஒருவர் என்னைப் பார்த்து, "திருத்தறவரு இவருதானுங்களா? எம் மூஞ்சியத் திருத்திப்புடாதீங்க சாமி!" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மச்சான் என் தோளை அழுத்தி, "கேட்டுக்க மாப்ளே, நமக்கு வேணும்" என்றார். இருபத்தைந்து முடிந்தன.

கடைசிக் கத்தி மோகனூரில் பாவாயம்மாள் வீட்டில் இருந்தது. காலமான அவர் கணவரின் கத்தி. நாங்கள் போனபோது அவர் மகளுக்குப் பிரசவமாகியிருந்தது. "பச்ச ஒடம்புக்காரி தலமாட்டுல வெச்சிருக்குதுங்க. தீட்டுக் கழியற மட்டும் இரும்ப நவுத்தக் கூடாதுங்க" என்றார் அந்த அம்மாள். "அஞ்சு நிமிசந்தானுங்க" என்று நான் வாய் விட்டேன். மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். "புள்ள பெத்தவளுக்குக் காவலா இருக்கறத எடுத்துப் படம் புடிக்கறதா? கழியட்டும்மா, நான் வாரேன்" என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். தீட்டுக் கழிய இன்னும் பதினைந்து நாள் இருந்தது. வரும் வழியில் நல்ல மழை. வீட்டுக்கு வந்து படுத்தவர் எழவில்லை. காய்ச்சலில் கண் திறக்கும்போதெல்லாம், "மோகனூருக்கு இன்னும் எத்தன நாளு?" என்றே கேட்டார். "நாலே நாள் மச்சான்" என்று நான் சொன்ன மறுநாள் காலையில் உபதேசியார் கதவைத் தட்டினார்.

அடக்கம் முடிந்து இரண்டாம் நாள் அக்காள் கேமராப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "அழுதது போதும். அவரு சொன்ன வாக்கு இருக்குதல்ல? கெளம்பு" என்றார். முகத்தில் கண்ணீர் காயவில்லை, குரல் மட்டும் அசையவில்லை.

தீட்டுக் கழிந்த பின், நேற்று மோகனூர் போனேன். பாவாயம்மாள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "அவரு வாரேன்னாருங்களே?" என்றார். சொன்னேன். அந்த அம்மாள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்து, முந்தானையால் துடைத்தார். இரும்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். ஆகவே வாசற்கல்லின் மேல் வைத்தார். "நல்லா எடுங்க சாமி. அந்த மனுசன் இதுக்கோசரம் மூணு நடை நடந்தாரு" என்றார்.

இன்று காலை தகட்டைக் கழுவினேன். அந்தப் பட்டறையின் நாலு பொட்டும் பளிச்சென்று விழுந்திருக்கின்றன. பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு மினுக்கம். அது வெறும் வெயில்தான், எனக்குத் தெரியும். கை தன்னால் சுரண்டுகத்தியைத் தேடிப் போயிற்று. எடுத்த கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

மச்சான், இருபத்தாறும் முடிந்தது. நான் எதையும் தொடவில்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.