என் தொண்டையில் வளர்ந்த கட்டியும் எனக்கு வந்த வாக்குத்தத்தமும்

"கட்டியை எடுத்துவிடலாம். ஆனால் குரல் திரும்ப வருமா என்று இப்போது சொல்ல முடியாது. அது எப்படிப்பட்ட கட்டி என்பதும் சோதனைக்கு அனுப்பிய பிறகுதான் தெரியும்."

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து உபவாச நாட்களில் டாக்டர் என்னிடம் சொன்னது இது. நான் கே.கே. நகரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். "பிரேக்! பிரேக்!" என்று கத்துவதுதான் என் பிழைப்பு. சபையில் வாயாடி யார் என்று கேட்டால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூட என்னைத்தான் காட்டுவார்கள். அந்தத் தொண்டைக்குள் கட்டி.

தைரியமாக இருந்தேன் என்று சொல்ல ஆசைதான். சாட்சியில் பொய் சொல்லக் கூடாதே! வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, செல்போனில் என் குரலைப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். மிச்ச வாழ்க்கைக்குத் தேவைப்படும் பேச்செல்லாம். "கிளட்சை மெதுவா விடுங்க." "குழம்புல உப்பு பத்தல." "நான் அப்படிச் சொல்லவே இல்ல." கடைசியாக, "பிரேக்!"

என் மனைவி ஸ்டெல்லா கதவைத் தட்டினாள். "உள்ள யாருகிட்டங்க பேசிக்கிட்டு இருக்கீக?"

சொன்னேன்.

"நீங்க போனை எடுத்து, 'பிரேக்'னு பதிஞ்சதைத் தேடி அமுக்குறதுக்குள்ள லாரிக்காரன் வந்து உங்க மடியில உக்காந்திருப்பான்."

சிரித்தாள். அப்புறம் அழுதாள். நானும் அழுதேன். அழுகைகூடக் கரகரவென்றுதான் வந்தது.

பிறகு அவள் பீரோவில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினாள். புத்தாண்டு ஆராதனையில் அந்த வருடத்துக்கென்று ஆளுக்கொரு வாக்குத்தத்த வசன அட்டை எடுப்போமே, அதுதான். கர்த்தர் வாயைச் சிரிப்பால் நிரப்புவார் என்கிற வேத வாக்கு எனக்கு வந்திருந்தது. அன்று பாஸ்டர் ஐயா வாசித்ததும், "ஏற்கெனவே நிரம்பித்தான வழியுது அண்ணே!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி கத்த, சபையே சிரித்தது.

"இது ஆண்டவரு சொன்னதா, இல்ல அச்சடிச்சவரு சொன்னதா? முடிவு பண்ணிக்கங்க" என்றாள் ஸ்டெல்லா.

மறுநாள் அவள் அண்ணன் வந்தார். "மாப்ள, எதுக்கும் மனசைத் தேத்திக்கங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு..."

"நிறுத்துங்க மச்சான். உங்க ஆபீஸ்காரர் கதை எனக்கு வாக்குத்தத்தம் இல்ல."

அவர் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். நான் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, இந்த வாக்கை நான் கேட்கவில்லை. நீராகத்தான் கொடுத்தீர். ஆபரேஷனுக்குப் போகிறேன். ஆனால் இதை விடமாட்டேன். பயத்துக்கு என் வாயைக் கொடுக்கமாட்டேன்." வீரவசனம்தான். முழங்கால் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்கிக்கொண்டேதான் சொன்னேன்.

ஆபரேஷன் முடிந்தது. கொஞ்ச நாளைக்கு ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. ஸ்டெல்லா தன் கல்யாண வாழ்க்கையிலேயே நிம்மதியாக இருந்த நாட்கள் அவை.

சோதனை முடிவு வந்தபோதும் எனக்குப் பேச அனுமதி இல்லை. "கெட்ட கட்டி இல்லை" என்றார் டாக்டர். ஸ்டெல்லா என் கையை இறுக்கிப் பிடித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமே இல்லாமல், தோள் குலுங்க, கண்ணீர் வழிய, வாய் கொள்ளாமல் சிரித்தேன். குரல் வருமுன்பே சிரிப்பு வந்துவிட்டது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

குரலும் பிறகு வந்தது. பழையபடி இல்லை. உச்சஸ்தாயியில் பாட்டு ஏறாது. ஆனால் "பிரேக்!" என்றால் இன்றைக்கும் தெருவே நிற்கும். பயமும் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது. பார்க்கட்டும். வேதத்தைத் திறந்துவைத்து அதன் முகத்துக்கு நேராகவே வாசிக்கிறேன்.

பிரியமானவர்களே, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை வாசிக்கிறீர்களா? நடுக்கம் நிற்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவர் தந்த வார்த்தையை இப்போதே அவரிடம் சொல்லுங்கள். சத்தம் வராவிட்டாலும் பரவாயில்லை. அன்று என் சிரிப்பிலும் சத்தம் வரவில்லை. அவருக்குக் கேட்டது.