வீகா வைத்த பங்கு

டென்மார்க்கின் எஸ்பியர் நகரில் பேருந்து ஓட்டும் ட்ரோல்ஸ், மகள் வீகாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஓயமாட்டார். தினமும் அவளை சைக்கிளின் முன்பெட்டியில் உட்காரவைத்துப் பாலர் பள்ளிக்குக் கூட்டிப்போகையில், வழிநெடுக எண்ணச் சொல்லிக்கொடுத்தார். நாலு வயதிலேயே அவள் தடங்கலில்லாமல் ஒப்பித்தாள்.

"நூறு வரைக்கும் எண்ணுறா, தெரியுமா?" என்று ஆசிரியை பிர்கிட்டேயிடம் பெருமையடித்துக்கொண்டார்.

"அடேயப்பா! வீகா, இந்த மேசையில இருக்கிறவங்களுக்கு ஆளுக்கொரு குவளை எடுத்துட்டு வாடா கண்ணு," என்றாள் பிர்கிட்டே.

மேசையில் மூன்றே பிள்ளைகள். வீகாவோ கைகொள்ளாமல் குவளைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். ட்ரோல்ஸின் முகம் சிவந்துவிட்டது.

பிர்கிட்டே சிரித்தாள். "பாட்டு மாதிரி மனப்பாடம் ஆயிருக்கு, அதுவும் நல்லதுதான். இனிமே வீட்ல சாப்பாட்டு மேசையில தட்டு, கரண்டி எடுத்து வைக்கிறதை அவகிட்ட விட்டுடுங்க. தப்பா வெச்சாலும் நீங்க வாயைத் திறக்காதீங்க."

வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. சில நாள் கத்தி இல்லாமல் சாப்பிட்டார். சில நாள் அவருக்கு இரண்டு முள்கரண்டி கிடைத்தது. போகப்போக வீகா ஒவ்வொரு தட்டாகத் தொட்டுப் பார்த்து, தட்டுக்கு ஒன்றாக வைக்கப் பழகினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே உருளைக்கிழங்கைப் பங்கு வைத்தாள். அப்பாவுக்கு மூன்று, தனக்கு நான்கு. ட்ரோல்ஸால் பொறுக்க முடியவில்லை.

"சரியா எண்ணினியாம்மா?"

"எண்ணினேனே. உன்னைவிட எனக்கு ஒண்ணு கூட," என்றாள் வீகா, வாய் நிறையக் கிழங்கோடு. "தெரிஞ்சுதான்ப்பா வெச்சேன்."

ட்ரோல்ஸ் வாய்விட்டுச் சிரித்து, குழம்புக் கிண்ணத்தையும் அவள் பக்கமே நகர்த்தி வைத்தார்.