அக்காவுக்கு வைத்த மூன்று கிளாஸ்

எங்கள் அப்பாவுக்கு எதையும் இழுத்துப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். சோபா தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். புது நூல்கண்டு வந்தால் ஒரு முழம் எடுத்து இரண்டு கையாலும் சுண்டி இழுப்பார். அறுந்தால் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவார். தோல், ரெக்சின், ஸ்பிரிங், புதிதாக வேலைக்கு வரும் ஆள், எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பட்டறையில் அவருக்கு ‘இழுவை’ என்று பட்டப்பெயர், அவர் காதில் விழாமல். நூலுக்கு அது சரி. பெற்ற மகளையும் அப்படி இழுத்துப் பார்த்தாரே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்த மகள் என் அக்கா. தோல் வெட்ட அவளை விட்டால் ஆள் கிடையாது. நான் சொன்னால் தம்பி பாசம் என்பீர்கள், அப்பாவே சொல்லியிருக்கிறார். ஒரு முழுத் தோலை மேஜையில் விரித்து, தழும்பு எங்கே, பூச்சிக்கடி எங்கே என்று விரலால் தடவிப் பார்ப்பாள். அந்த இடமெல்லாம் இருக்கையின் அடிப்பக்கம் போகிற மாதிரி சாக்கட்டியால் கோடு போடுவாள். வேலை நடக்கும்போது வாய் ஓயாது. பாதி பேச்சு, பாதி வசவு.

குடி எப்போது ஒட்டிக்கொண்டது என்பதில் வீட்டில் ஒத்த கருத்து இல்லை. புருஷன் விட்டுப் போன பிறகு என்பாள் அம்மா. அதற்கும் முன்னாலேயே என்பாள் அக்கா. ஸ்பாஞ்சு அடுக்குகளுக்கு நடுவே பாட்டில் ஒளித்து வைத்தாள். ஒரு நாள் காலையிலேயே தள்ளாடிக்கொண்டு வெட்டப் போய், அருமையான தோல் ஒன்றைக் கந்தலாக்கினாள், கூடவே தன் கட்டைவிரலையும். அப்பா பட்டறைச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அதை நான் குறை சொல்லவில்லை. அக்கா சிகிச்சைக்குப் போனாள். திரும்பி வந்து ஒரு மருத்துவமனையில் மெத்தை உறை தைக்கும் வேலையில் சேர்ந்தாள். நாள் முழுக்க நேர்த்தையல். ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. ஆனால் மனசெல்லாம் பட்டறையில்தான். என்னைப் பார்த்தால் நலம் விசாரிக்க மாட்டாள். “புதுசா என்ன தோல் வந்திருக்கு?” என்றுதான் ஆரம்பிப்பாள்.

அதனால் அப்பா குடும்பத்தோடு ஓட்டலில் சாப்பிடக் கூப்பிட்டதும், இஸ்திரி போட்ட சட்டையோடு எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். சாவியைத் திருப்பிக் கொடுக்கப்போகிறார் என்று நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். அப்பா என்னிடம் அப்படித்தான் சொன்னார்.

சர்வர் மூன்று சிவப்பு ஒயின் பாட்டில்களைக் கொண்டுவந்தார். ஆளுக்கு மூன்று கிளாஸ் வைத்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஊற்றினார். அக்காவுக்கு முன்னாலும் வைத்தார்.

“எனக்கு வேணாங்க,” என்றாள் அக்கா.

“நீங்க வைங்க,” என்றார் அப்பா சர்வரிடம். பிறகு அக்காவைப் பார்த்தார். “நான்தான் சொல்லி வெச்சேன். மூணுலயும் ஒவ்வொரு வாய். எது உசத்தின்னு சொல்லிட்டு கிளாஸைக் கீழ வெச்சிடணும். ஒரு வாயோட நிறுத்த முடிஞ்சா நீ குணமாயிட்டேன்னு அர்த்தம். சாவி இதோ சட்டைப்பையில இருக்கு.”

“அப்பா, அவ என்ன நூல்கண்டா?” என்று நான் எழுந்துவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“ருசி பாக்கறது குடிக்கறதாகுமாடா? அப்பா நல்லதுக்குத்தான் சொல்வாரு.”

நல்லதுக்காம்! கிணற்றில் விழுந்து பிழைத்தவளைக் கூட்டிவந்து, மறுபடி கிணற்றுச் சுவரில் ஏற்றி, விழாமல் நில் பார்க்கலாம் என்பதா நல்லது?

அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவுக்கு இதெல்லாம் எதுவும் உறைக்கவில்லை. கிளாஸுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு, “அண்ணா, இதுல லேசா புகை வாசனை வருது பாருங்க,” என்றார். சமையலறையில் எதுவோ கருகிக்கொண்டிருந்தது. மனுஷர் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.

அப்பா நிதானமாக ருசி பார்த்தார். முதலாவதை நாக்கில் உருட்டி, “இது ரெக்சின். பளபளப்புதான், பிடிப்பு இல்ல,” என்றார். இரண்டாவது கறுப்புக்குப் பக்கத்தில் வரும் சிவப்பு, தொண்டை வரைக்கும் துவர்க்கிறதாம். “இதான் தோல்!” என்று மேஜையைத் தட்டினார். மூன்றாவது இனிப்பு, வெல்வெட்டாம். “இப்ப நீ சொல்லு,” என்று அக்காவிடம் திரும்பினார்.

அக்கா இரண்டாவது கிளாஸைக் கையில் எடுத்தாள். வாய் வரைக்கும் கொண்டுபோனாள். எனக்கு அந்த மேஜையையே கவிழ்த்துவிடலாம் போலிருந்தது. ஒரு சொட்டும் உள்ளே போகாமல் அவள் கிளாஸைக் கீழே வைத்தாள்.

“எனக்கு எது உசத்தின்னு சொல்லத் தெரியாதுப்பா. எல்லாமே எனக்கு நல்லாத்தான் இருக்கும். அதுதான் என் வியாதி.”

“அப்ப இன்னும் குணமாகலைன்னு சொல்லு.”

“ஆகலை. ஆகவும் ஆகாது. குடிக்காம இருக்கேன், அவ்வளவுதான்.”

“அப்ப சாவி என்கிட்டயே இருக்கட்டும்,” என்றார் அப்பா. குரலில் கோபம்கூட இல்லை. அறுந்த நூலிடம் யார் கோபப்படுவார்கள்?

அக்கா பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பின்னாலேயே ஓடினேன். தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஓட்டலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். அப்பாவைத் திட்டுவதற்கு நான் வாயெடுத்தேன்.

“அப்புறமா திட்டு. உள்ள போய் என் கிளாஸ் மூணையும் கொட்டிடு. இல்லன்னா நானே திரும்பிப் போய் குடிச்சிடுவேன்டா. சீக்கிரம்!”

போனேன். அப்பா பார்க்கப் பார்க்க மூன்றையும் தண்ணீர்க் கூஜாவில் கவிழ்த்தேன். “கிறுக்கு பிடிச்சிடுச்சா உனக்கு?” என்றார். “ஆமா, உங்க பிள்ளைதானே!” என்று ஓட்டலே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டு வெளியே வந்தேன்.

“கொட்டிட்டேன்கா.”

“பாட்டில்ல இருக்கறது?”

“எல்லாம் காலி,” என்று பொய் சொன்னேன்.

“போடா. முதல் பாட்டில்ல பாதி இருக்கு. நடு பாட்டில்ல கழுத்துக்குக் கொஞ்சம் கீழ. மூணாவதுல பாதிக்கு மேல.” அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள். “பிடிச்சுக்கோ. அந்தத் தெருமுனை தாண்டற வரைக்கும் விட்டுடாத.”