"மாத்திரை எதுவும் எடுக்கறதில்ல டாக்டர்!"

"நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்கதானே?"

ரமலானுக்கு முன்னால், துபாய் கராமாவில் ஒரு கிளினிக்கில், லேடி டாக்டர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. மதுரைக்காரர். கோபம் வந்தால் இங்கிலீஷை விட்டுவிட்டுத் தமிழுக்கு வந்துவிடுவார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் இருமினார்.

அந்த இருமல்தான் விஷயமே.

ஊருக்கு லீவில் போய்த் திரும்பியதிலிருந்து இருந்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை... வெறும் வறட்டு இருமல். ஆரம்பித்தால் கண்ணில் தண்ணீர் வரும்வரை விடாது. மெட்ரோவில் இவர் உட்கார்ந்தால் பக்கத்து சீட் காலி! ஆபீஸிலும் அதே கதை. கிளையன்ட் மீட்டிங் நடுவே மூன்று முறை வெளியே ஓடியதைப் பார்த்துவிட்டு, "நீங்க உங்க சீட்லேர்ந்தே ஆன்லைன்ல வந்துடுங்களேன்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

நாங்கள் செய்யாத வைத்தியமா? ஏசி டக்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். கார்ப்பெட்டைத் தூக்கிப் போட்டோம். எதிர் ஃபிளாட்டில் பக்கூர் என்ற அரபுச் சாம்பிராணி போடுவார்கள் – பாவம், அவர்களையும் திட்டினோம். மிளகு, அதிமதுரம், சித்தரத்தை என்று என் கிச்சனே நாட்டு மருந்துக் கடை ஆனது. டாக்டர்கள் பங்குக்கு ஆன்டிபயாடிக், அலர்ஜி மாத்திரை, அசிடிட்டி மாத்திரை. எக்ஸ்ரேயில் நெஞ்சு பளிச்சென்று இருந்தது.

போன இடத்திலெல்லாம் ஒரு கேள்வி மட்டும் தவறாமல் கேட்டார்கள். "ரெகுலரா ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களா?"

"எதுவும் எடுக்கறதில்ல டாக்டர்."

பொய். சுத்தப் பொய்! இவர் வருஷக்கணக்கில் பி.பி.க்கு மாத்திரை போடுகிறார். போன லீவில் திருச்சி டாக்டர் அதை வேறு மாத்திரையாக மாற்றிக்கூடக் கொடுத்திருந்தார்.

ஏன் மறைக்க வேண்டும் என்கிறீர்களா? வளைகுடாவில் இருக்கும் வாசகர்கள் கேட்க மாட்டார்கள். ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே வேலை போனால் விசா போகும். வீடு, பையன் ஸ்கூல் எல்லாம் கூடவே போகும். இவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இன்ஷூரன்ஸில் பி.பி. என்று ஏறினால் கம்பெனிக்குத் தெரியும், தெரிந்தால் அடுத்த ஆள்குறைப்பில் முதல் பெயர் நம்முடையது என்று ஒரு பயம். யார் சொன்னது? யாருமே சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் நம்புகிறோம். அதனால் சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாவற்றுக்கும் வைத்தியம் ஊரில். மாத்திரை முறுக்கோடு பெட்டியில் வரும். துபாயில் இறங்கிவிட்டால் நாங்கள் அத்தனை பேரும் பயில்வான்கள்!

அன்றைக்கு அந்த மதுரை டாக்டரிடமும் இவர் "எதுவும் இல்ல" என்று ஆரம்பித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"பொய் சொல்றார் டாக்டர். பி.பி. மாத்திரை போடறார்."

மாத்திரையின் பெயரைச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அப்புறம்தான் அந்தப் 'படிச்சவங்க' கேள்வி.

"இந்த வகை மாத்திரை சில பேருக்கு இப்படித்தான் வறட்டு இருமலைக் கொண்டுவரும். மொதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு கஷ்டம் எதுக்கு? நீங்களா நிறுத்திடாதீங்க, நான் வேற எழுதித் தர்றேன்."

இவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "ஃபைல்ல எழுதாதீங்க டாக்டர்."

"எழுதாம எப்படி சார் வைத்தியம் பாக்கறது? என் ஃபைல் உங்க ஆபீஸுக்கா போகுது?" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

சில வாரத்தில் இருமல் போயே போச்சு. சந்தோஷமாக இருந்தோம் – பெருநாள் லீவில் செந்தில் வீட்டுக்குச் சாப்பிடப் போகும்வரை. செந்தில் இவரோடு ஒரே ஆபீஸ், ஒரே டீம். கதவைத் திறக்கும்போதே இருமினார். அதே வறட்டு இருமல்!

"ஊர்லேர்ந்து வந்ததுலேர்ந்து இப்படித்தான்க்கா. தூசி ஒத்துக்கல போல" என்றாள் அவர் மனைவி கவிதா.

நான் இவரைப் பார்த்தேன். இவர் பிரியாணியைப் பார்த்தார்.

காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உனக்கெப்படித் தெரியும்னு கேப்பான். என்ன சொல்லட்டும்?"

"உண்மையச் சொல்லுங்க."

"டீம்ல ஆளைக் குறைக்கப் போறாங்கன்னு பேச்சு ஓடுது. இப்போ போய் எனக்கு பி.பி.ன்னு தண்டோரா போடணுமா?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு மனுஷன் கண் முன்னால் இருமிச் சாகிறான். காரணம் தெரிந்த ஆள் வாயை மூடிக்கொண்டு லெக் பீஸ் சாப்பிடுகிறார். என்ன பிழைப்பு இது? மறுநாள் நானே கவிதாவுக்கு போன் செய்தேன்.

"செந்தில் பி.பி.க்கு ஏதாவது மாத்திரை போடறாராம்மா?"

"அய்யய்யோ... அவருக்கு பி.பி.யெல்லாம் கிடையாதுக்கா!" பதில் கொஞ்சம் அவசரமாகவே வந்தது.

"எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தோம். இவருக்கு பி.பி. இருக்கு கவிதா. அந்த மாத்திரையாலதான் இருமலே. நீங்களாவது டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க."

கவிதா மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணனுக்கு பி.பி.யாக்கா? ஆபீஸ்ல யாருக்கும் தெரியாதே..."

சட்டென்று போனை வைத்தேன். இருந்தாலும் சொன்னதில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரு மனுஷனின் மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லையா?

செந்திலுக்கு இப்போது இருமல் சுத்தமாக நின்றுவிட்டது. கவிதா ஸ்வீட் பாக்ஸோடு வந்து, "உங்களாலதான்க்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள்.

முந்தாநாள் மேனேஜர் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, ரொம்ப அன்பாக விசாரித்தாராம் – "பிரஷர் எல்லாம் எப்படி இருக்கு?"