பெராக்சைடின் இரண்டு கட்டைவிரல்கள்

சர்க்கரை நோயால் அப்பாவின் கால்விரலை எடுத்தபின் தஞ்சாவூரிலிருந்து ரயிலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். விரல் போனதிலிருந்து அவர் யாரோடும் பேசவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர் சீட்டில் காதோரம் நரைத்த ஒரு அம்மா. ஒரு முஷ்டியின் மேல் இன்னொன்றை வைத்து, கட்டைவிரல்களை நீட்டி, மேல் முஷ்டியைத் திருப்பித் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தார். என் பையிலிருந்த, புண் கழுவும் பெராக்சைடு பாட்டிலைப் பார்த்ததும் சிரித்தார்.

"காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுக்கிறேங்க. நாளைக்கு இந்தப் பெராக்சைடத்தான் நடத்தணும். முஷ்டி ரெண்டும் ஆக்சிஜன், விரல் ரெண்டும் ஹைட்ரஜன். இந்த விரலுங்க ஒரே பக்கமும் பாக்காது, நேரெதிராவும் திரும்பாது. கோணலாத்தான் நிக்கும்."

அப்பா தலையைத் திருப்பினார். "வரப்புத் தகராறு பண்ண பங்காளிங்க மாதிரின்னு சொல்லுங்க."

"அப்படித்தாங்க. ஆனா ஒண்ண ஒண்ணு விடல பாருங்க."

"எப்படி விடுவாங்க. ஒரே வாய்க்கால் தண்ணிதானே."

"புண்ணுல பட்டா விட்டுரும். பிரிஞ்சு வர்ற ஆக்சிஜன்தான் நுரைக்குது."

கும்பகோணத்தில் அந்த அம்மா இறங்கும்வரை அப்பா பேசிக்கொண்டே வந்தார். அவர் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. பாட்டிலைப் பார்த்துப் பேசினாரா, அப்பாவைப் பார்த்துப் பேசினாரா என்றும் இன்றுவரை தெரியவில்லை.

புண்ணில் மருந்தை ஊற்றி நுரை கிளம்பும்போதெல்லாம் அப்பா குனிந்து பார்க்கிறார். "பாவம், பிரிஞ்சுட்டாங்க" என்கிறார்.