குடத்துக்கு வைத்த பொட்டு

கயல்விழி எதை வேண்டுமானாலும் படம் பிடிப்பாள். ஆட்டையாம்பட்டிக் கைமுறுக்கோ ஜலகண்டாபுரத்துத் துண்டோ, அவள் மேசையில் வைத்தால் நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொள்ளும். வெள்ளி மட்டும் அவள் பேச்சைக் கேட்காது. வெள்ளிக்குச் சொந்த முகம் கிடையாது, எதிரே இருப்பவர் முகத்தைப் பிடுங்கிக்கொண்டு பளபளக்கிற ஜாதி அது.

முன்பெல்லாம் அவள் கல்யாண வீடுகளில் ஓடி ஓடிப் படம் எடுத்தவள். தாலி கட்டும் நேரத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று எடுப்பாள். முதுகில் அறுவைச் சிகிச்சை ஆன பிறகு டாக்டர் ஓட்டத்துக்கும் ஏற்றத்துக்கும் சேர்த்துத் தடை போட்டுவிட்டார். ஸ்டுடியோவோ மாடியில் இருந்தது. இனி என்ன செய்வது என்று அவள் முழித்துக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு முட்டைக் கடை ராசம்மாள் தன் கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கை ஒரே நாளில் ஒழித்துக் கொடுத்தாள். “படி ஏறக் கூடாதுன்னா போவுது. என்ற முட்டை ரூம்புல வந்து இரு சாமி,” என்றாள். ஓடாமல் எடுக்கக்கூடியது உட்கார்ந்த இடத்தில் இருக்கும் பொருள்கள்தான் என்று கயல்விழியும் அந்த வேலையில் இறங்கினாள்.

அந்த முட்டை அறைக்குத்தான் சேலத்து வெள்ளிக்கடைக்காரர் கைலாசம் ஒரு வெள்ளிக் குடத்தைக் கொண்டுவந்து வைத்தார். கல்யாணச் சீர் சாமான்களுக்கு அவர் படப் புத்தகம் போடுகிறார். குடம் நன்றாக வந்தால் புத்தகம் முழுக்க அவளுக்கு, இல்லாவிட்டால் ஏற்கெனவே மாதிரிப் படங்கள் எடுத்துக் கொடுத்திருந்த கோயம்புத்தூர் ஆட்களுக்கு. குடத்தைப் பெண் வீட்டில் சேர்க்க வேண்டும், பொழுது சாய வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு பக்கம் அவளுடைய அண்ணன் ஜெயபிரகாஷ் ஒரு நூல் மில்லில் பில் போடும் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். திங்கள்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். இந்தக் குடம் கைகொடுக்காவிட்டால் கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவது என்று அவளும் மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

முதல் படத்தில் குடத்தைத் தவிர மற்ற எல்லாம் இருந்தன. சுவரோரம் அடுக்கிய முட்டை அட்டைகள், ஜன்னல் கம்பி, கதவில் தொங்கிய பை எல்லாம் அதன் வயிற்றுக்குள் குடியேறியிருந்தன. நட்டநடுவில் மஞ்சள் சுடிதாரில் பூசணிக்காய் மாதிரி ஒருத்தி. அது தான்தான் என்று தெரிந்ததும் கயல்விழிக்குச் சிரிப்பு வந்தது. கூடுதலாக ஒரு விளக்கைப் போட்டுப் பார்த்தாள். பூசணிக்காய் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

வெள்ளிக்கு நேராக விளக்குப் போட்டுப் பிரயோசனமில்லை, வெள்ளி எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அதற்குத்தான் போட வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. கணவன் மாதேஸ்வரனின் அம்மாபேட்டை வேட்டியை எடுத்துவந்து, மேசையைச் சுற்றிக் குடிசை மாதிரி கட்டினாள். வெளியிலிருந்து விளக்கைப் போட்டதும் வேட்டி முழுக்க வெளிச்சமாயிற்று. பச்சைக் கரை குடத்தின் மேல் பாம்பாக ஓடியது, அதை மடித்துச் செருகினாள். பிறகு பார்த்தால் குடம் தோல் உரித்த முட்டை போல வெள்ளை வெளேரென்று நின்றது. இரண்டு பக்கமும் கறுப்பு அட்டையை நீளமாக வெட்டித் தொங்கவிட்டதும் ஓரங்கள் கறுத்து, வளைவு எழுந்து, வெள்ளி வெள்ளியாயிற்று.

ஒரே ஒரு குறை. கேமரா எட்டிப் பார்க்க வேட்டியில் ஓர் இடைவெளி விட்டிருந்தாள் அல்லவா, அது குடத்தின் வயிற்றில் கடுகளவு கறுப்புப் புள்ளியாக விழுந்தது. கேமராவை மேலே ஏற்றினாலும் கீழே இறக்கினாலும் புள்ளியும் கூடவே வந்தது. கம்ப்யூட்டரில் அழித்துப் பார்த்தாள், அந்த இடம் நசுங்கினாற்போல ஆயிற்று. கல்யாணத்துக்கு நசுங்கின குடத்தை யார் வாங்குவார்கள்? மத்தியானம் முழுக்க அந்தக் கடுகோடு மல்லுக்கட்டி, முதுகு விண்விண்ணென்று தெறிக்க, முகம் கழுவப் புழக்கடைக்குப் போனாள். மில் வேலைக்கு வருவதாக அண்ணனிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

திரும்பி வந்தால் ராசம்மாள் மோர்ச் செம்போடு நின்றிருந்தாள். வேட்டிக்குள் குடத்தின் வயிற்றில் ஈரச் சந்தனமும் நடுவே குங்குமமும்.

“என்னங்க்கா பண்ணி வெச்சிருக்கறீங்க,” என்றாள் கயல்விழி. மெருகு போட்ட வெள்ளியில் சந்தனத்தைத் துடைத்தால் தீற்றல் தீற்றலாக நிற்கும், மறுபடி மெருகேற்ற நேரமும் இல்லை.

“கல்யாணத்துக்குப் போற கொடம் மொட்டையா நிக்கலாமா சாமி? மனசு கேக்குல. அதா ஒரு பொட்டு வெச்சு உட்டேன்,” என்றாள் ராசம்மாள், எதற்கு இந்தப் பெண் கண் கலங்குகிறாள் என்று தெரியாமல்.

எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கக் கயல்விழி கேமராவில் கண்ணை வைத்தாள். கறுப்புப் புள்ளியைக் காணோம். ராசம்மாள் கையை நீட்டியது கேமரா எட்டிப் பார்க்கும் அதே இடைவெளி வழியாகத்தான், அதனால் பொட்டும் புள்ளியின் மேலேயே உட்கார்ந்திருந்தது. குடத்தை ஒரு நூலளவு திருப்பினாள். கச்சிதம். வெள்ளி வெளிச்சத்துக்கு நடுவே குங்குமம் மட்டும் சிவந்து நின்றது. அவள் அப்படியே எழுந்து ராசம்மாளைக் கட்டிக்கொண்டாள். மோர் இருவர் மேலும் கொட்டியது.

பொழுது சாய வந்த கைலாசம் படத்தை வெகுநேரம் பார்த்தார். கோயம்புத்தூரில் எடுத்த படங்கள் எல்லாம் கடை அலமாரியில் இருப்பதுபோல இருந்ததாகவும், இது பெண் வீட்டுக் கூடத்தில் வந்து இறங்கிவிட்டது போல இருப்பதாகவும் சொன்னார். பொட்டு வைக்கும் யோசனை யாருடையது என்று கேட்டார். ராசம்மாளுடையது என்றாள் கயல்விழி, ஒளிவுமறைவில்லாமல். மீதிச் சாமான்களை நாளைக்கே அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, பொட்டோடு குடத்தை எடுத்துப் போனார். அண்ணனிடம் அவள் மில் வேலை வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

இன்றும் உருண்டையாக எந்த வெள்ளிச் சாமான் வந்தாலும் சந்தனக் கிண்ணத்தோடு ராசம்மாளைத்தான் கூப்பிடுவாள். அவள் கைபட்டால்தான் கயல்விழிக்கு விளக்கைப் போட மனசு வரும். வாழ்க்கையில் நமக்கு வாய்க்கிற நல்லவர்களை எண்ணிப் பார்க்க நேரமில்லாமல் அலைகிறோம். அவளுக்கு உருண்டைப் பாத்திரம் வரும்போதெல்லாம் அது ஞாபகம் வந்துவிடுகிறது.

புத்தகம் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை முட்டைக் கடைக்குத்தான் கொண்டுபோனாள். ராசம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னும் பின்னும் புரட்டினாள். பிறகு குடத்தின் படத்துக்கு வந்து, முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்த் தேடினாள்.

“பித்தளைச் சொம்பத் தொலக்குனாலே என்ற மூஞ்சி தெரியும். இதுல உன்னையக் காணமே சாமி?”

கயல்விழி குங்குமத்தின் மேல் விரலை வைத்தாள்.

“இதுக்குப் பின்னால நிக்கறேனுங்க்கா. நீங்கதான் மறைச்சுக் காப்பாத்துனீங்க.”